1930-களின் பாலே பளபளப்பு: மேடையில் பிறந்ததா, தையல் அறையில் பிறந்ததா?

#1 வெண்பட்டு

பாலே வரலாறு எழுதுகிறவர்கள் பலரும் 1929 ஆகஸ்டோடு கதையை முடித்துவிடுகிறார்கள். அந்த மாதம் வெனிஸ் நகரில் ரஷ்ய நடனக் குழுத் தலைவர் செர்கேய் தியாகிலெவ் காலமானார். அவருடைய புகழ்பெற்ற பாலே ரூஸ் குழு கலைந்தது. பொற்காலம் அத்தோடு போயிற்று என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பிக்காசோவையும் ஸ்ட்ராவின்ஸ்கியையும் மேடைக்குக் கொண்டுவந்தவர் தியாகிலெவ்தான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மெல்லிய நெட் பாவாடை, இழுத்து வாரிய கொண்டை, நீண்ட கழுத்து என்று இன்று நம் மனக்கண்ணில் எழுகிற பாலே பெண் ஃபேஷன் உலகத்துக்குள் குடிபுகுந்தது அவர் இறந்த பிறகுதான்.

1932-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரெனே பிளம் என்ற பிரெஞ்சுக்காரரும் கர்னல் தெ பாசில் என்று தம்மை அழைத்துக்கொண்ட ரஷ்யரும் சேர்ந்து மான்டி கார்லோவில் புதிய குழுவைத் தொடங்குகிறார்கள். நடன அமைப்பாளர் ஜார்ஜ் பலன்சீன். அந்த ஆண்டு அவர் அமைத்த 'கோத்தியோன்' ஒரு விருந்து நடனக் கூடத்தில் நடக்கிறது. இளம்பெண்கள், கையுறைகள், விசிறிகள், ஜோசியம் பார்க்கும் விளையாட்டு, நடுவே திகிலூட்டும் ஒரு கறுப்புக் கையுறைக்காரி. காட்சியையும் உடைகளையும் வரைந்தவர் கிறிஸ்டியான் பெரார். இதே பெரார்தான் 'வோக்' பத்திரிகைக்கு ஃபேஷன் படங்கள் வரைந்தார். பாரிஸ் உடை வடிவமைப்பாளர் ஸ்கியாபரெல்லியின் உடைகளைத் தாளில் கொண்டுவந்ததும் இவர்தான். மேடைக்கு ஒரு கை, பத்திரிகைக்கு வேறு கை என்று இருந்திருந்தால் இந்தப் பளபளப்பு வந்திருக்காது. இரண்டையும் ஒரே கை வரைந்தது.

அந்தக் கை வரைந்ததைத் துணியாக்கிய கை வேறொன்று. அவர் பெயர் கரின்ஸ்கா. என் வாதம் இதுதான்: 1930-களின் பாலே கவர்ச்சிக்கு முதல் காரணம் நட்சத்திரங்கள் அல்லர், தையல் அறை. மறுக்கிறவர்கள் வாருங்கள்.

#2 பழையபடம்

மறுக்கத்தான் வந்திருக்கிறேன், ஐயா.

மான்டி கார்லோ அரங்கில் எத்தனை பேர் உட்கார முடியும்? லண்டனிலும் நியூயார்க்கிலும் சேர்த்துப் பார்த்தாலும் அந்த உடைகளை நேரில் கண்டவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்ற எல்லோருக்கும் அவை போய்ச் சேர்ந்தது புகைப்படமாக. கவர்ச்சியை உண்டாக்கியது கேமராவும் விளக்கும்.

ஜார்ஜ் ஹோய்னிங்கன்-ஹ்யூனே 1930-இல் எடுத்த நீச்சலுடைப் படத்தைப் பாருங்கள். ஓர் ஆணும் பெண்ணும் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தொலைவில் கடலைப் பார்ப்பதுபோல் இருக்கிறார்கள். அங்கே கடலே கிடையாது. 'வோக்' பத்திரிகையின் பாரிஸ் ஸ்டூடியோ மொட்டைமாடியில் எடுத்த படம் அது. அடிவானம் என்று நாம் நினைப்பது மாடியின் கைப்பிடிச் சுவர். ஒரு கைப்பிடிச் சுவரைக் கடலாக்கிய மனிதருக்கு ஒரு நடனக்காரியைத் தேவதையாக்குவதா கடினம்? பாலே கலைஞர்களையும் அவர் ஏராளமாகப் படம் எடுத்திருக்கிறார். படத்தில் முதுகு காட்டும் அந்த ஆண், அவருடைய சீடர் ஹார்ஸ்ட். அவரும் பின்னாளில் பெரிய புகைப்படக்காரர் ஆனார்.

ஹார்ஸ்ட் 1939-இல் எடுத்த இடைக்கச்சைப் படத்தையும் சொல்ல வேண்டும். கச்சையின் நாடாக்கள் அவிழ்ந்து தொங்க, முதுகு மட்டும் வெளிச்சத்தில். ஒரு பக்கம் கச்சை உடம்பை விட்டு விலகி நின்றது. பத்திரிகைக்காரர்கள் அதை ஒட்டியிருப்பதுபோல் திருத்தி வெளியிட்டார்கள். தையல்காரர் விட்ட இடைவெளியைப் படத்தில் அடைத்தார்கள். கவர்ச்சி எங்கே உண்டானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

#3 ஊசிநூல்

பழையபடம் தம்பி, அந்த இடைவெளியைத்தான் ஹார்ஸ்ட் விரும்பினார். நாடா தளர்ந்து இருப்பதுதான் அந்தப் படத்தின் உயிர். அதை அடைத்தது பத்திரிகையின் அச்சம். பின்னாளில் கண்காட்சிகளில் புகழ்பெற்றது அடைக்காத பிரதிதான்.

நான் தையல் தொழிலில் இருக்கிறவள். 1930-களின் உடைகளைப் பற்றி ஒரு விஷயத்தைத் துணியைக் கையில் எடுக்காமல் புரியவைக்க முடியாது. நம் ஊரில் ஜாக்கெட் தைக்கும்போது 'கிராஸ் கட்' என்கிறோமே, அதைத்தான் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் மதலேன் வியோனே முழு உடைக்கும் செய்தார். துணியின் நீள இழையும் குறுக்கிழையும் சந்திக்கும் கோணத்துக்கு நடுவே, 45 பாகையில், துணியைச் சாய்த்துப் போட்டு வெட்டுவது. நேராக வெட்டிய பட்டை இழுத்தால் நகராது. சாய்த்து வெட்டியதை இழுங்கள், இளகி வரும்; விட்டால் திரும்பும். அந்த இளக்கத்தால்தான் கச்சை இல்லாமலே உடை உடம்போடு நடந்தது. வியோனே ஓர் ஆள் உயரப் பொம்மையில்கூட வேலை செய்யவில்லை. சின்ன மரப் பொம்மை ஒன்றில் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, பிறகு பெரிதாக்கினார்.

இதில் ஒரு தொல்லை உண்டு. சாய்த்து வெட்டிய துணி தன் எடையாலேயே கீழே இறங்கும், அதுவும் ஒரே அளவாக இறங்காது. அதனால் தைத்ததைத் தொங்கவிட்டு, இறங்குகிற வரை இறங்கட்டும் என்று காத்திருந்து, பிறகுதான் கீழ் ஓரம் மடித்து அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் விளிம்பு கோணலாகிவிடும். படத்தில் வழுக்கிக்கொண்டு விழுவதுபோல் தெரிகிற அந்த சாட்டின் கவுன்களுக்குப் பின்னால் இந்தப் பொறுமை இருக்கிறது. எந்த விளக்காலும் இதை உண்டாக்க முடியாது.

பாலே உடை இதற்கு நேர் எதிர். அங்கே துணி இறங்கவே கூடாது. நைலான் நெட் புழக்கத்துக்கு வராத காலம் அது. பட்டு நெட், பருத்தி நெட், டார்லட்டான் என்ற கஞ்சி போட்ட மெல்லிய பருத்தித் துணி, இவ்வளவுதான் கையில். வியர்வை பட்டாலும் ஈரக்காற்று பட்டாலும் துவண்டுவிடும். ஒவ்வொரு காட்சிக்கும் முன் யாரோ ஒருவர் அடுக்கடுக்காகத் தூக்கி நிமிர்த்தி இஸ்திரி போட்டிருக்கிறார். கரின்ஸ்காவின் பாவாடைகளில் ஒரு நிறத்து நெட்டுக்கு மேல் இன்னொரு நிறம், அதற்கு மேல் இன்னொன்று என்று வரும். நின்றால் ஒரு நிறம், சுழன்றால் வேறு நிறம். கறுப்பு வெள்ளைப் படத்தில் இது எங்கே தெரியப்போகிறது?

#4 புதியவள்

எல்லோருக்கும் வணக்கம். ஒரே ஒரு கேள்வி. அந்தக் குழுவில் ஆடியவர்கள் குழந்தைகள் என்று எங்கோ படித்தேன். உண்மையா? அப்படியென்றால் நாம் கவர்ச்சி என்று பேசிக்கொண்டிருப்பதே சரியா?

#5 வெண்பட்டு

உண்மைதான் அம்மா. மூன்று பேர்: தமாரா துமானோவா, இரீனா பரோனோவா, தத்தியானா ரியாபூஷின்ஸ்கா. முதல் இருவரும் 1919-இல் பிறந்தவர்கள், மூன்றாமவர் 1917. குழுவில் சேரும்போது பன்னிரண்டு, பதினான்கு வயது. 'பேபி பாலரினாக்கள்' என்ற பட்டத்தைச் சூட்டியவர் லண்டன் விமர்சகர் ஆர்னால்ட் ஹாஸ்கெல். 1933 கோடையில் லண்டன் அல்ஹாம்ப்ரா அரங்கில் சில வாரங்களுக்கென்று ஏற்பாடான சீசன் மாதக்கணக்கில் நீண்டது. அதே டிசம்பரில் அமெரிக்க நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் சோல் ஹுரோக் அவர்களை நியூயார்க்கில் இறக்கினார். விளம்பரத்தில் இவர்களின் வயதுதான் முன்னால் நின்றது.

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். துமானோவா பிறந்தது சைபீரியாவில் ஓடிக்கொண்டிருந்த ரயிலில். உள்நாட்டுப் போரிலிருந்து பெற்றோர் தப்பிப் போய்க்கொண்டிருந்த நேரம். பரோனோவாவின் குடும்பம் ருமேனியாவுக்கு ஓடியது; மகள் நடனம் கற்க வேண்டும் என்பதற்காகப் பாரிஸுக்கு இடம் பெயர்ந்தது. மூன்று குடும்பங்களும் ரஷ்யப் புரட்சியில் எல்லாவற்றையும் இழந்தவை. பாரிஸில் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அகதிகளே. ஸ்டூடியோ வாக்கரில் பாடம் எடுத்த ஓல்கா பிரியோபிரஜென்ஸ்காவும், தனிப்பள்ளி நடத்திய மத்தில்தா க்ஷெசின்ஸ்காவும் ஜார் மன்னர் காலத்துப் பீட்டர்ஸ்பர்க் மாரின்ஸ்கி அரங்கின் நட்சத்திரங்கள். இந்த இரண்டு பேரின் வகுப்புகளில்தான் பலன்சீன் மூன்று சிறுமிகளையும் கண்டெடுத்தார்.

நாடற்றவர்களுக்கென்று நான்சென் கடவுச்சீட்டு என்று ஒன்று இருந்தது. பாரிஸ் ரஷ்யர்களில் பெரும்பாலோர் கையில் வேறு ஆவணம் இல்லை. ஆண்கள் டாக்சி ஓட்டினார்கள். பெண்கள் எம்பிராய்டரி போட்டார்கள், ஃபேஷன் இல்லங்களில் மாடல்களாக நின்றார்கள். பாரிஸ் உடை வடிவமைப்பாளர் ஷனேலின் 1920-களின் எம்பிராய்டரியைப் போட்டுக்கொடுத்த கித்மிர் நிறுவனத்தை நடத்தியவர் ஜார் மன்னரின் சித்தப்பா மகளான மரியா பாவ்லோவ்னா. மேடையில் ஆடிய சிறுமி, அவள் உடையைத் தைத்தவர், ஃபேஷன் இல்லத்தில் உடையணிந்து நடந்தவர், மூவரும் ஒரே அகதிக் கூட்டம். நான் தையல் அறை என்று சொல்வது இதையும் சேர்த்துத்தான்.

#6 சலங்கை

வெண்பட்டு ஐயா சொல்வது மனத்தைத் தொடுகிறது. ஆனாலும் புதியவள் கேட்டதற்குப் பதில் ஆகவில்லை. வறுமை காரணம் என்றால் அது விளக்கம், நியாயம் ஆகாது.

நானும் சிறுவயதிலேயே மேடை ஏறியவள்தான், பரதநாட்டியத்தில். பன்னிரண்டு வயது எலும்பு என்ன தாங்கும் என்று எனக்குத் தெரியும். விரல் நுனியில் நிற்கும் அந்தக் காலணியைப் பார்த்திருக்கிறீர்களா? முனையில் இரும்போ மரமோ இல்லை. துணியும் தாளும் பசையும் அடுக்கி இறுகக் காயவைத்த கூடு, அதற்கு மேல் சாட்டின். லண்டனில் ஃப்ரீட் என்ற தம்பதியர் 1929-இல் அந்தக் காலணி செய்யத் தொடங்கினார்கள். இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது. உள்பக்கம் வெளியே இருக்கும்படி தைத்து, பிறகு புரட்டிப்போட்டு வடிவம் கொடுப்பார்கள். வழுக்காமல் இருக்க, முனையில் நடனக்காரியே நூலால் நெருக்கமாகத் தைத்துக்கொள்வாள். பசை இளகிவிட்டால் காலணி முடிந்தது. அமெரிக்காவில் இரவுக்கு ஓர் ஊர் என்று ரயிலில் போனார்கள். அம்மாக்கள் கூடவே போனார்கள், வழியெல்லாம் மகள்களின் காலணிகளைத் தைத்துக்கொண்டு. கவர்ச்சி என்று எழுதும்போது இதையும் எழுத வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

இன்னொன்று, நம் பக்கத் தொடர்பு. ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவை 1928-இல் ஆஸ்திரேலியக் கப்பல் பயணத்தில் நெருங்கி அறிந்த ருக்மிணி தேவி, அவருடைய குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். உன் நாட்டுக் கலையைப் பார் என்று பாவ்லோவா சொன்னதாக ருக்மிணி தேவி பின்னாளில் நினைவுகூர்ந்தார். பாவ்லோவா 1931 ஜனவரியில் ஹேக் நகரில் இறந்துபோனார். ருக்மிணி தேவி 1935 டிசம்பரில் அடையாற்றில் மேடை ஏறினார். மறு ஆண்டு கலாக்ஷேத்ரா. அவர் முதலில் கை வைத்தவற்றில் ஒன்று உடை. கோயில் சிற்பங்களைப் பார்த்துத் தைத்த உடையாக அதை மாற்றினார். பரதநாட்டியத்தின் முந்தைய வடிவமான சதிரை வாழவைத்த குடும்பங்களுக்கு இதில் ஆழ்ந்த வருத்தம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அதே பத்தாண்டில் இங்கேயும் தையல் அறைதான் நடனத்தின் தோற்றத்தைத் தீர்மானித்தது. அந்த அளவில் நான் வெண்பட்டு ஐயா கட்சி.

#7 கணக்கன்

எல்லோரும் கலையைப் பேசுகிறீர்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லையே.

1929 பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பிறகு அமெரிக்க வியாபாரிகள் பாரிஸில் வாங்குவதைக் குறைத்துவிட்டார்கள். ஷனேல் விலையைக் குறைத்தார். 1931-இல் பருத்தித் துணியில் மாலைநேர கவுன்கள் காட்டினார். அதே காலத்தில் படத் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் அழைப்பின் பேரில் ஹாலிவுட் போய் நடிகைகளுக்கு உடை செய்தார். பெரிய இல்லங்களே இப்படித் தத்தளிக்கும்போது பாலேவுக்கு யார் கொடுப்பார்கள்? தனி மனிதர்கள் கொடுத்தார்கள்.

எட்வர்ட் ஜேம்ஸ் என்ற ஆங்கிலச் செல்வந்தர். மனைவி டில்லி லோஷ், வியன்னா நடனக்காரி. உடைந்துகொண்டிருந்த திருமணத்தைக் காப்பாற்ற அவர் ஒரு நடனக் குழுவையே வாங்கிக் கொடுத்தார். அதுதான் 'லே பாலே 1933'. மான்டி கார்லோவிலிருந்து விலகிய பலன்சீன் அதன் நடன அமைப்பாளர். வைல் இசையும் பிரெக்ட் பாடல்களும் கொண்ட 'ஏழு கொடும்பாவங்கள்' அங்கேதான் அரங்கேறியது. இன்னொரு படைப்பில் டில்லி லோஷ் அணிந்தது ஓவியர் செலிச்செவ் வரைந்த பச்சை சாட்டின் கவுன். மேடையில் நீளமாக இழுபடும் வால். பாரிஸில் கொஞ்ச நாள், லண்டனில் கொஞ்ச நாள், அத்தோடு குழு கலைந்தது, திருமணமும் கலைந்தது. அந்தச் சீசனைப் பார்த்த அமெரிக்கக் கலை ஆர்வலர் லிங்கன் கர்ஸ்டீன்தான் பலன்சீனை அமெரிக்காவுக்கு அழைத்தார். 1934 ஜனவரியில் நியூயார்க்கில் பள்ளி தொடங்கியது. அமெரிக்க பாலேயின் வேர் ஒரு பணக்காரரின் மனவருத்தத்தில் இருக்கிறது.

தையல் அறைக்கு வருகிறேன். 1936 ஜூன். பிரான்ஸ் முழுக்க வேலைநிறுத்தம். காம்போன் தெருவில் ஷனேலின் தையல் பெண்கள் முதலாளியையே உள்ளே விடவில்லை. ஷனேல் முதலில் முரண்டு பிடித்தார். இலையுதிர்காலத் தொகுப்பு நெருங்கியதும் இறங்கி வந்தார். அந்த மாதம் நாடெங்கும் தொழிலாளர்களுக்கு நாற்பது மணி நேர வாரமும் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையும் பெற்றுத் தந்த பிரதமர் யார்? லியோன் பிளம். வெண்பட்டு ஐயாவின் மான்டி கார்லோ குழுவைத் தொடங்கிய ரெனே பிளம்மின் உடன்பிறந்த அண்ணன். ஒருவர் கவர்ச்சியை மேடையேற்றினார், மற்றவர் அதைத் தைத்தவர்களுக்கு விடுமுறை வாங்கித் தந்தார். இந்த இரண்டையும் சேர்த்து எழுதுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

#8 ஊசிநூல்

கணக்கன் அண்ணா, இதற்காகவே உங்களுக்கு நன்றி. ஒன்றைச் சேர்க்கிறேன். வியோனே இல்லத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். சாப்பாட்டுக் கூடம், மருத்துவ வசதி, சம்பளத்தோடு விடுமுறை, எல்லாவற்றையும் சட்டம் வருமுன்பே அவர் கொடுத்துவிட்டார். தாமே பன்னிரண்டாம் வயதுவாக்கில் தையல் பயிற்சிக்குப் போனவர் என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம். எனவே 'அந்தக் காலம் அப்படித்தான்' என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். அந்தக் காலத்திலேயே வேறு மாதிரி செய்து காட்டியவர் இருந்திருக்கிறார்.

கரின்ஸ்கா விஷயத்துக்கு வருகிறேன். 1939-இல் ஸ்பானிய ஓவியர் சால்வதோர் தாலி வரைந்த 'பாக்கனால்' பாலேவுக்கு ஷனேல் உடைகள் தைத்தார். செப்டம்பரில் போர் மூண்டது. குழு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டது. தாலியும் உடைகளும் பிரான்சிலேயே. நவம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் திரை தூக்கியாக வேண்டும். புதிதாகத் தைத்துக் கொடுத்தவர் கரின்ஸ்கா. ஷனேல் என்ற பெயரைப் போட்டு விளம்பரப்படுத்தியிருந்த ஒரு படைப்பை அவர் தாங்கிப் பிடித்தார்.

பழைய உடைகள் ஏராளமாக ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. 1973-இல் லண்டன் ஏலத்தில் வாங்கத் தொடங்கியவை. அந்த உடைகளை உள்பக்கம் புரட்டிப் பார்த்தால் அணிந்தவர்களின் பெயர்கள் மையால் எழுதியிருக்கும். ஒரு பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயர். வியர்வைக் கறை, ஒட்டு, மறுபடி ஒட்டு. தையல்காரி கண்ணுக்கு அது முழு வரலாறு. முன்பக்கம் பார்ப்பவர்களுக்கு ஓவியர் பெயர் தெரியும். உள்பக்கம் பார்ப்பவர்களுக்குத்தான் உழைத்தவர்கள் தெரிவார்கள்.

#9 பழையபடம்

ஊசிநூல் அக்கா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். கவர்ச்சி வேறு, கைத்திறன் வேறு என்பதுதான் என் நிலை. கைத்திறன் உள்ளே இருக்கிறது. கவர்ச்சி என்பது அதைப் பார்க்காதவர்களின் ஏக்கம். ஏக்கத்தைத் தொலைதூரத்துக்கு அனுப்பியது அச்சு. 1932 ஜூலையில் 'வோக்' முதல்முறையாக வண்ணப் புகைப்படத்தை அட்டையில் போட்டது, ஸ்டைகன் எடுத்தது. அதற்குமுன் அட்டை என்றால் ஓவியம்தான். கோத்தியோன் அரங்கேறிய அதே ஆண்டு என்பதைக் கவனியுங்கள்.

அசையும் படமும் உண்டு. தெ பாசில் குழு 1936-க்கும் 1940-க்கும் இடையில் மூன்று முறை ஆஸ்திரேலியா போனது. அங்கே ரசிகர்கள் கையடக்கக் கேமராவில் எடுத்த ஊமைச் சுருள்கள் இன்றும் இருக்கின்றன. மேடைப் பக்கவாட்டிலிருந்து எடுத்தவை சில. நடனக் கலைஞர்கள் கடற்கரையில் துள்ளிக் குதிப்பதை எடுத்தவை சில. என்னைக் கேட்டால் அந்தக் கடற்கரைத் துண்டுகள்தான் மிக அழகு. அங்கே கரின்ஸ்காவும் இல்லை, ஷனேலும் இல்லை. அப்படியும் கண்ணை எடுக்க முடியவில்லை. இதற்கு உங்கள் தையல் அறை என்ன பதில் சொல்லும்?

#10 சலங்கை

அதற்கு நான் பதில் சொல்கிறேன் தம்பி. அது பயிற்சி. எட்டு வயதிலிருந்து தினமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி நிமிர்ந்த உடம்பு அது. மேடை உடை இல்லாமலும் அழகாகத்தான் நிற்கும். அதைக் கேமராவின் கணக்கில் எழுதாதீர்கள்.

#11 வெண்பட்டு

சலங்கை அம்மா சொன்ன பிறகு என் முதல் வாதத்தை இன்னும் கூர்மையாக்க முடிகிறது. பயிற்சி கொடுத்த ஆசிரியைகளும், தைத்த பெண்களும், ஆடிய சிறுமிகளும் ஒரே ஊரை இழந்தவர்கள். படம் எடுத்த ஹோய்னிங்கன்-ஹ்யூனேகூடப் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து புரட்சியில் தப்பி வந்தவர்தான், பழையபடம் அதைச் சொல்ல விட்டுவிட்டார். மாளிகை, விருந்து நடனம், கையுறை, விசிறி, இவை அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் உண்மையில் வாழ்ந்த வாழ்க்கை. பாரிஸின் குளிர்ந்த வாடகை அறைகளில் உட்கார்ந்து அதை நெட் துணியிலும் வெளிச்சத்திலும் திரும்பக் கட்டினார்கள். பொருளாதார மந்தத்தில் தவித்த லண்டனும் நியூயார்க்கும் அதைப் பார்த்து மயங்கின. இழப்பைத் தெரிந்தவர்கள் செய்தது என்பதால்தான் அதில் வெறும் மினுக்கு இல்லை என்று நான் நம்புகிறேன்.

1938 கோடையில் லண்டனில் என்ன நடந்தது தெரியுமா? மான்டி கார்லோ குழு இரண்டாகப் பிளவுபட்டு, ஒன்று கோவென்ட் கார்டனிலும் மற்றொன்று சில நூறு அடி தள்ளி ட்ரூரி லேனிலும் ஒரே நேரத்தில் ஆடின. ரசிகர்கள் இடைவேளையில் ஓர் அரங்கிலிருந்து மற்றதற்கு ஓடினார்கள். அந்த ஆண்டுதான் நடன அமைப்பாளர் மசீனின் 'கெய்ட்டே பாரிசியன்' வந்தது. அதற்கும் தைத்தவர் கரின்ஸ்கா.

#12 புதியவள்

இவ்வளவு விளக்கியதற்கு நன்றி. ரெனே பிளம் என்ன ஆனார்?

#13 கணக்கன்

போர் மூண்டபோது குழுவோடு அமெரிக்காவில் பாதுகாப்பாக இருந்திருக்கலாம். பிரான்சுக்குத் திரும்பினார். யூதர் என்பதால் 1941 டிசம்பரில் பாரிஸில் கைது செய்தார்கள். 1942-இல் நாஜிகளின் ஆஷ்விட்ச் வதைமுகாமில் கொன்றுவிட்டார்கள். அண்ணன் லியோன் சிறைமுகாமிலிருந்து உயிரோடு மீண்டார்.

#14 ஊசிநூல்

கரின்ஸ்கா நியூயார்க்கிலேயே தங்கி, பலன்சீனோடு இன்னும் பல பத்தாண்டுகள் தைத்தார். அவர் உடையளித்த பாலேக்களின் வெற்றியில் பாதி அவருடையது என்று பலன்சீனே சொல்லியிருக்கிறார். வெண்பட்டு ஐயாவின் தலைப்புக் கேள்விக்கு எனக்கு அந்தப் பாதி போதும்.

சலங்கை அக்கா, கலாக்ஷேத்ராவின் தொடக்க கால உடைகளை உள்பக்கத்திலிருந்து விவரிக்கக்கூடியவர்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் தனி இழை தொடங்குங்கள். விசிறி மடிப்பு எப்போது தைத்த மடிப்பாக மாறியது, எத்தனை கொக்கி வைத்தார்கள், என்ன துணி என்றெல்லாம் கேட்க எனக்கு ஒரு பட்டியலே இருக்கிறது.